பல்லிகளுக்குப் போன பள்ளிக்கூடத்துக் கதை

இஞ்சேருங்கோ,

சேர்ந்து வாழ்ந்த காலம் முழுவதும் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். இப்போது மட்டும் பெயர் எழுதக் கை வருகுதில்லை.

உங்கள் மகள் ஜெசி பல்லி வளர்க்கிறாள். சுவர்ப் பல்லி அல்ல. மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி, தடித்த வால், கண்ணை மூடித் திறக்க இமை. சிறுத்தைப் பல்லியாம். கிளிநொச்சியில் கூடப் படிப்பிக்கும் ஒருத்தி வெளிநாடு போகும்போது ஒரு சோடியைக் கண்ணாடித் தொட்டியோடு கொடுத்துவிட்டாள்.

நீங்கள் இருக்கும்வரை அவளுடைய பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் உங்களுக்குத்தான். நான் குசினியில் சமைத்தபடி பாதி கேட்பேன், சிரிப்புச் சத்தம் முழுதாகக் கேட்கும். நீங்கள் கண்ணை மூடின பிறகுதான் அந்தப் பின்னேரங்கள் எனக்குக் கிடைத்தன. பல்லிகள் வந்ததும் அதுவும் போனது, இப்போது தேநீர்க் கோப்பையோடு தொட்டிக்கு முன்னால் போய் இருக்கிறாள். "செல்லங்களே, இண்டைக்கு அதிபர் என்ன சொன்னவர் தெரியுமோ?" என்கிறாள். அதிபர் என்ன சொன்னார்? எனக்கு இன்னும் தெரியாது.

இரண்டையும் ஒரே தொட்டியில் விடுவது சரியில்லை என்று அவள் எங்கோ வாசித்திருந்தாள். நான் விடவில்லை. "சேர்ந்து வாழுற சோடியைப் பிரிக்கிற வேலை இந்த வீட்டிலை வேண்டாம்" என்றேன். கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான், பல்லியானாலும் புருசன் பெண்சாதிதானே? அவள் அடங்கிப் போனாள்.

போன மாதம் அவளுக்கு வவுனியாவில் பயிற்சி வகுப்பு. தீன் போட வரச் சொல்லி அடுத்த வீட்டுப் புஷ்பத்திடம் போனில் கேட்கிறாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"வீட்டிலை நான் ஒருத்தி இருக்கிறன், பிள்ளை."

"உங்களுக்குத்தான் அதுகளைக் கண்ணிலை காட்டக்கூடாதே, அம்மா."

"ஆர் சொன்னது? வை போனை."

உயிருள்ள புழுவைக் கல்சியம் தூளில் புரட்டி, சாமணத்தால், அந்தச் சின்ன இடுக்கியால், பிடித்து நீட்ட வேண்டும். செய்தேன். அப்போதுதான் கவனித்தேன், பெரியது சூடான கல்லின்மேல் விரிந்து படுத்துக்கொண்டு மற்றதைக் கிட்ட விடவில்லை. சின்னதன் வாயில் பாதி போன புழுவையும் இழுத்தெடுத்தது. சின்னதன் வால் மெலிந்து, நுனியில் கடித்த காயம். பெரியதன் குணம் எனக்கு உடனே விளங்கியது, என்னிடமும் உள்ளதுதானே. அப்படி விளங்கியதில் எனக்குப் பெருமை இல்லை.

உங்கள் பழைய மீன் தொட்டியைக் கழுவித் துடைத்துச் சின்னதை அதில் விட்டு, என் அறையில் வைத்தேன். சுடுநீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றி அடியில் கொடுத்தேன். முதலில் முகத்தைத் திருப்பியது. அடுத்த நாள் என் சாமணத்திலிருந்து ஒரு புழு வாங்கியது. அந்தச் சந்தோசத்தை யாரிடம் சொல்வேன்?

ஜெசி வந்ததும் தொட்டியைப் பார்த்தாள். "ஆர் பிரிச்சது?"

"நான்தான்."

"சோடியைப் பிரிக்கப்படாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

வாலில் இருந்த காயத்தைக் காட்டினேன். அவள் இரண்டையும் படமெடுத்து, முன்பு வளர்த்தவளுக்கு அனுப்பினாள். பதில் வந்ததும் கதிரையில் விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, ரெண்டும் கடுவன், ரெண்டும் ஆம்பிளையள்! ஆயரிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ."

நானும் சிரித்தேன். அவளோடு சேர்ந்து அப்படிச் சிரித்தது எனக்குப் புதிது. உங்களுக்கு அது தினமும் கிடைத்தது அல்லவா?

சின்னது இப்போது தேறிவிட்டது. என் கையால் மட்டும்தான் உண்கிறது. ஜெசி நீட்டினால் கல்லுக்குப் பின்னால் ஒளிகிறது. அவள் முகம் வாடுவதைப் பார்த்தேன். இனித்தது, பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் அதைப் பார்க்கவென்று பின்னேரங்களில் என் அறைக்கு வருகிறாள். கட்டில் விளிம்பில் இருந்து பள்ளிக்கூடத்துக் கதை சொல்கிறாள். கண் மீன் தொட்டியில். கதை அதற்கா, எனக்கா? கேட்கப் பயமாக இருக்கிறது. சின்னது அவளிடமும் உண்ணப் பழகினால், தன் அறைக்கே தூக்கிக்கொண்டு போய்விடுவாளோ?

ஆனாலும் நாளைக்குச் சாமணத்தை அவள் கையில் கொடுத்து, என் கையை அவள் கைமேல் வைத்துப் பழக்கப்போகிறேன். அது முதல் தரமே வாங்கிக்கொண்டால் எனக்கு வயிறு எரியும். எரியட்டும். இதை எழுதி உங்களுக்கு வாக்குத் தந்துவிட்டேன், சாமணத்தைக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
ஜெசியின் அம்மா, உங்கள் மனுசி
பிலோமினா