புத்தகக் கடையில் வெள்ளி மத்தியானம்

ஆடி 2, திங்கள்

விடிந்ததிலிருந்து சாரல். ஒரு துணி காயவில்லை. இவுகளுக்கு மறுபடி குளிர் ஜுரம். மூணு போர்வை போட்டும் கட்டில் ஆடுது. டாக்டர் கொயினா மாத்திரை கொடுத்தார். இந்த மாசம் எழுந்து நடமாடக் கூடாதாம்.

சாயங்காலம் பெரியத்தான் வந்தாக (இவுக அண்ணன். புத்தகக் கடையில் பாதிப் பங்கு அவுகளுக்கு). "தம்பி எந்திரிக்க வரைக்கும் பூட்டிருவோம். மூக்குப்பொடிக் கடைக்காரரு எடம் கேக்காரு, பேசிப் பாக்கேன்." இவுக வாயே திறக்கவில்லை. அண்ணன் முன்னால் எப்பவுமே இப்படித்தான்.

"நான் உக்காருதேன் அத்தான்."

"பொம்பளையா?"

"புஸ்தகத்துக்கு அது தெரியவா போகுது?"

முறைத்தாக. குற்றால சீசன் முடியும் வரை பார்க்கலாம் என்று போய்விட்டாக. சாவி என் இடுப்பில்.

ஆடி 4, புதன்

கடை திறந்தாச்சு. மழை விட்டுவிட்டு. உள் அலமாரியில் பூச்சி, வேப்பிலை மாற்றினேன். ஈரத்தில் தாள் எல்லாம் நமுத்த அப்பளம் மாதிரி.

முதல் ஆள் வாசுதேவநல்லூர்க்காரர். சோதிடப் புத்தகம் வேணும். என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்க்கிறார்.

"கடையில ஆள் இல்லையா?"

"இருக்கேனே."

"அது இல்லம்மா... ஆள்."

புத்தகத்தை எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டு, போகும்போதும் உள்ளே ஒரு பார்வை. ஆள் ஒளிந்திருக்கிறானோ என்று.

விற்றவை: சோதிடம், சிலேட்டு மூணு, சமையல் ஒன்று, மதுரை வக்கீல் ஒருவருக்கு துப்பறியும் நாவல். இவுக விற்கிற நாளுக்குக் குறைவில்லை.

ஆடி 5, வியாழன்

அதே வக்கீல் மறுபடி. ஐந்தருவிப் பக்கம் வீடு எடுத்திருக்கிறார், மழையில் வெளியே போக வழியில்லை. நாவலைப் பலகையில் பொத்தென்று வைத்தார்.

"முடிவு மோசம். காசைத் திருப்பிக் குடும்மா."

"முழுசும் படிச்சாச்சா?"

"படிச்சதனாலதான சொல்றேன்."

"சாப்பாட்டுக் கிளப்புல வயிறு முட்டச் சாப்பிட்டுட்டு, பாயசம் சரியில்லன்னு காசு கேப்பீகளா?"

சிரித்துவிட்டார். இன்னும் ரெண்டு வாங்கிப் போனார். வீட்டில் இவுகளிடம் சொன்னேன். ஜுரத்திலும் சிரிப்பு. பிறகு இருமல். சொல்லியிருக்கக் கூடாது.

ஒன்று மனதை விட்டுப் போகவில்லை. எதிர்த்த தையல்கடைத் தாழ்வாரத்தில் ஒரு பெண். தலையில் முக்காடு. நேற்றும் நின்றாள். நம் வாசலில் பத்திரிகையை ஓசியில் புரட்டும் ஆண்கள் கூட்டம். அது கலையட்டும் என்று நிற்கிறாள். அது கலைவதில்லை. அவள்தான் போய்விடுகிறாள்.

ஆடி 6, வெள்ளி

மத்தியானம் பாதிப் பேர் தொழுகைக்கு, மீதிப் பேர் சாப்பாட்டுக்கு. வாசல் காலி. அவளைக் கைகாட்டிக் கூப்பிட்டேன். ஓடி வந்தாள்.

பேர் பாத்துமுத்து (இனி பா.மு.). நெசவுக்காரர் வீடு. புருஷன் கொழும்பில் கடை வேலை.

"யக்கா, காயிதம் எழுதப் பழகுத புஸ்தகம் இருக்காமே?"

"யாருக்கு எழுத?"

"அவுகளுக்குத்தான். இப்ப எங்க சாச்சா, அதான் அத்தாவோட தம்பி, எழுதித் தாராரு. நான் சொல்லுதத அவுக மட்டுந்தான கேக்கணும்? சாச்சாவும்ல கேக்காரு."

எழுத்துக் கூட்டி வாசிப்பாளாம். கடிதப் புத்தகத்தில் 'மனைவி கணவனுக்கு' பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். "பிராணநாதராகிய தங்கள் திருப்பாதங்களுக்கு" வரை வந்து நிறுத்திவிட்டாள்.

"இப்படி எழுதினா, புள்ளைக்குக் கிறுக்குப் புடிச்சிட்டுன்னு அடுத்த கப்பல்ல வந்துருவாக!"

"வந்தா நல்லதுதானட்டி?"

ரெண்டு பேரும் சிரித்த சிரிப்பில் தையல்காரர் எட்டிப் பார்த்தார். வாங்கிக்கொண்டாள். போகும்போது, "எங்க தெருவுல இன்னும் நாலு பேரு வருவாக. இந்தக் கூட்டத்துல எப்படிக்கா வர?"

அதானே. எப்படி வர?

ஆடி 7, சனி

யோசித்து முடித்தாச்சு. வெள்ளிக்கிழமை மத்தியானம். நம்ம பக்கத்துப் பெண்களும் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாம். என் பழைய சுங்குடிச் சேலையை வாசலில் திரையாகக் கட்டிக்கொள்ளலாம். அட்டையில் நானே எழுதினேன்: 'வெள்ளி பிற்பகல் பெண்களுக்கு மட்டும்.' பத்திரிகைக் கூட்டம் படித்துவிட்டு முணுமுணு. முணுமுணுக்கட்டும்.

ஆடி 13, வெள்ளி

வந்தார்கள்! பா.மு.வோடு அவள் தெருவிலிருந்து ஒரு கூட்டம். பூக்கூடையோடு நம்ம தெருப் பெண்கள். குற்றாலத்து வாடகை வீட்டிலிருந்து வக்கீல் சம்சாரம்கூட. உட்கார இடமில்லை, தரையில் பாய். கேட்டவை: கோலப் புத்தகம், தாலாட்டு, பிள்ளை வைத்தியம், பேய்க் கதை (ரெண்டு பேர், காதோடு காதாக). ஒருத்தி எதுவும் வாங்கவில்லை, அலமாரியின் ஒவ்வொரு புத்தகத்தையும் தொட்டுப் பார்த்தாள். தொடட்டும்.

நடுவில் பள்ளிக்கூட மானேஜர். வருஷா வருஷம் பாடப் புத்தகம் முழுக்க நம்மிடம்தான் எடுப்பவர். திரையைத் தூக்கப் போனார். நான் வெளியே வந்து மறித்தேன்.

"ஐயா, இன்னைக்கு மத்தியானம் பெண்டுகளுக்கு."

"எனக்கா சொல்லுத? ஒரு இலக்கணப் புஸ்தகம் கேக்க வந்தேன்."

"எல்லாருக்கும்தான். நாளைக்குக் காலையில வாங்க, எடுத்து வைக்கேன்."

குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். செய்தது சரிதான். அந்த இலக்கணப் புத்தகத்தைத் தனியே எடுத்து வைத்தேன்.

ஆடி 14, சனி

மானேஜர் வரவில்லை. பெரியத்தான் வந்தாக. வீட்டுக்கே. "இது கடையா, குளத்துப் படித்துறையா? பெரிய மனுசனை வாசல்ல நிறுத்தியிருக்கா!" இவுக சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாக. அதுதான் வலித்தது. கத்தினது வலிக்கவில்லை.

ஆடி 16, திங்கள்

மானேஜர் வீடு குத்துக்கல்வலசையில். வண்டி பிடித்துப் போனேன், அவர் அன்று கேட்க வந்த இலக்கணப் புத்தகத்தோடு. மன்னிப்புக் கேட்கப் போகவில்லை.

"மத்த நாளெல்லாம் உங்களுக்குத்தான் ஐயா. அவளுகளுக்கு ஒரு மத்தியானம்."

புத்தகத்தை வாங்கிக்கொண்டார், விலை கொடுத்தார். "பாடப் புத்தகத்துக்குத் திருநெல்வேலிக்கு எழுதியாச்சு" என்றார்.

வருஷ யாவாரம் போயிற்று. திரும்பி வரும் வழியெல்லாம் மழை. கொஞ்சம் அழுதேன். வண்டிக்காரர் மாட்டோடு பேசிக்கொண்டே வந்தார்.

வீட்டில் இவுகளிடம் மறைக்காமல் சொன்னேன். திட்டுவாக என்று இருந்தேன். "திரையைக் கழத்திட்டியா?" என்றாக.

"இல்ல."

"சரி."

இவுகளுக்குக் கஞ்சி ரெண்டு வாய் கூடுதலாக இறங்கியது.

ஆடி 20, வெள்ளி

வெயில்! இவுகளுக்கு நாலு நாளாக ஜுரம் இல்லை. சொல்லச் சொல்லக் கேட்காமல் போர்வையைச் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டாக. மத்தியானம் பெண்கள் வந்தார்கள், இவுகளைக் கண்டதும் வாசலிலேயே தயங்கி நின்றார்கள். இவுக தானே எழுந்து தையல்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாக.

திரைக்குள்ளே நல்ல கூட்டம். அந்நேரம் பார்த்துப் பெரியத்தான் வந்தாக, பொடிக்கடைக்காரருக்கு இடம் காட்ட. இவுக பெஞ்சிலிருந்து எழுந்து வந்திருக்க வேண்டும். திரைக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டது.

"அண்ணாச்சி, உள்ள பெண்டுக இருக்காக. போகக் கூடாது."

"வெலகுலே. இவரு எடம் பாக்கணும்."

"பாக்க வேண்டாம். எடம் விடுததா இல்ல. உங்க பாதிக்கு நான் வாடகை தந்துருதேன்."

"பாடப் புத்தக யாவாரம் போச்சு. எதை வச்சுலே தருவ?"

"இதை வச்சுத்தான். உள்ள நிக்காகல்லா, இவுகளை வச்சு."

"பொண்டாட்டி சொல்லித் தந்தாளோ?"

"அவ எனக்கு ஒண்ணும் சொல்லல அண்ணாச்சி. நான் படுத்துக் கெடந்து பாத்துக்கிட்டிருந்தேன்."

இவுக குரலா அது? பா.மு. என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு செருப்புச் சத்தம், ரெண்டு ஜோடி, தெருக்கோடி வரைக்கும்.

திரையை ஒரு விரல் விலக்கிப் பார்த்தேன். இவுக இன்னும் வாசலை மறித்தபடி நிற்கிறாக. தையல்காரர் வந்து தோளைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பெஞ்சில் உட்கார்த்தி, பாதி தைத்த கோட்டு ஒன்றை எடுத்துப் போர்த்தினார். இவுக அதோடு இந்தப் பக்கம் திரும்பி, உள்ளே போ, யாவாரத்தைப் பாரு என்று கையைக் காட்டினாக.

போனேன்.