இரைச்சல் அடங்கியபோது

என் அன்புக் கணவருக்கு, வீட்டுக்காரருக்கு, முதுகுவலி தேவலையா? நான் நலம்.

வேலைக்கு வந்த இடத்தில் நானும் அறைத்தோழியும் சேர்ந்து ஆம்ப்ளிஃபயர் ஒன்று செய்தோம். சாலிடரிங்கில் விரலில் சின்னச் சூடு, அவ்வளவுதான். தகரப் பெட்டிக்குள் பொருத்தியும் ஒரே இரைச்சல்.

"பெயிண்ட் தடுக்குது, எர்த் பிடிக்கல" என்று அவள் எர்த் ஒயரின் திருகு உட்காரும் இடத்தைச் சுரண்டிவிட்டு முடுக்கினாள். அப்படியொரு நிசப்தம். கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

நீங்கள் போனில் பேசிப் பதிந்து அனுப்பியதை அதில் போட்டேன். "கிச்சன் குழாய மாத்தியாச்சு" என்கிறீர்கள். குரலுக்குப் பின்னால் அந்தக் குழாயே சொட்டுச் சொட்டென்று உங்களைக் காட்டிக்கொடுத்தது. சண்டை பிடிக்க நினைத்தவள், அதையே மறுபடி போட்டுக் கேட்டேன். நம் சமையலறையே இந்த அறைக்குள் வந்திருந்தது.

அடுத்த முறையும் அங்கேயே நின்று பேசுங்கள். வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன். குழாயை மாற்ற வேண்டாம், நான் வரும்வரை சொட்டட்டும்.