உரிமம் உங்கள் பெயரில்

அக்கா,

சரசுவதி பூசைக்காகச் சாமி அலமாரியைத் துடைத்தேன். புத்தகங்களுக்கு அடியில் அந்தப் பழைய டிஸ்கெட் கிடந்தது. தகட்டின் இடுக்கில் காய்ந்த சந்தனம் இன்னும் ஒட்டியிருக்கிறது. தேய்த்து முகர்ந்தேன். வாசம் போய்விட்டது, உங்கள் சிரிப்புதான் கேட்டது.

குருபோங்கில் நாம் அடுத்தடுத்த வீடு. உங்கள் முன்னறைக் கணினியில் கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீஸும் தட்டுவீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே நானும் கற்றுக்கொண்டேன். தமிழ் எழுத்து வர அந்த டிஸ்கெட் உள்ளே இருக்க வேண்டும். அதை உருவாக்கியவர் ஈப்போவில் இருந்த ஒரு தமிழர். காசு கொடுத்து வாங்குபவரின் பெயரை அதிலேயே பதித்துத் தபாலில் அனுப்புவார். திறந்ததும் 'உரிமம் பெற்றவர்' என்று உங்கள் பெயர்தான் திரையில் முதலில் வரும்.

ஒரு பூசையன்று கணினிக்குப் பொட்டு வைத்த கையோடு டிஸ்கெட்டிலும் சந்தனத்தை அப்பியவள் நான். மறுநாள் தமிழ் வரவில்லை. கந்த சஷ்டி நோட்டீஸ் மாலைக்குள் கோயிலுக்குப் போக வேண்டும். பதறிப்போய் பஸ் ஏறி, டவுனில் ஒரு கடைக்காரரிடம் அதே மென்பொருளின் நகலை இனாமாகவே வாங்கி வந்தேன். போட்டதும் எழுத்து வந்தது. ஆனால் அதற்கு முன் வந்த பெயர் யாரோ முன்பின் தெரியாதவருடையது.

"இது யாருடி? நம்ம வீட்டுல வந்து உக்காந்திருக்காரு?" என்றீர்கள்.

"சாமி காரியந்தானேக்கா, தப்பில்ல லா. நாமளும் ஏற்கெனவே காசு கொடுத்தாச்சு."

"கொடுத்தோம்ல, அப்ப அந்த ஈப்போக்காரருகிட்டயே கேப்போம். அடுத்தவரு பேருல ஏறிக்கிட்டா முருகனுக்கு நோட்டீஸ் அடிக்கிறது?"

நகலை வெளியே எடுத்து வைத்துவிட்டு நோட்டீஸைக் கையாலேயே எழுதினீர்கள். கோயில் தலைவர், "கம்ப்யூட்டருக்குக் காய்ச்சலா?" என்று சிரித்தார். எனக்கு உங்கள் மேல்தான் கோபம். ஒரு வாரம் உங்கள் வாசல் பக்கம் வரவில்லை. பிறகு நீங்களே வேலியோரம் நின்று ஈப்போவிலிருந்து வந்த ஒரு தபால் உறையை நீட்டினீர்கள். உள்ளே உங்கள் பெயரோடு புது டிஸ்கெட். அவர் ஒரு காசும் கேட்கவில்லை. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: 'இதற்குப் பொட்டு வைக்க வேண்டாம்.' வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

நீங்கள் கண்மூடிய பிறகு உங்கள் வீட்டுக்காரர் கணினியை அந்தப் புது டிஸ்கெட்டோடு என்னிடம் தந்தார். உங்கள் பெயரில் இருக்கும் உரிமத்தில் நான் வேலை செய்யலாமா என்று ஈப்போக்காரருக்கு போன் போட்டுக் கேட்டேன்.

"அந்த டிஸ்கெட்ட அனுப்புங்கம்மா. அவங்க பேர அழிச்சிட்டு உங்க பேர போட்டுத் தர்றேன். காசு வேணாம்."

அழிச்சிட்டு என்றதும் டிஸ்கெட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

"வேணாங்க. எனக்குத் தனியா ஒண்ணு கொடுங்க. பணம் அனுப்புறேன்."

"ஒரு கம்ப்யூட்டருக்கு எதுக்கும்மா ரெண்டு?"

மறுநாளே பணத்தை அனுப்பிவிட்டேன்.

வேலைக்கு என்னுடையதைத்தான் போடுகிறேன், அக்கா. ஆனால் காலையில் விளக்கேற்றியதும் முதலில் உங்களுடையதைப் போடுகிறேன். உங்கள் பெயர் வருகிறது. ஓர் எழுத்தும் தட்டாமல் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, எடுத்து வைக்கிறேன்.