கணுவுக்கு மேலே

2024 ஜூலை 21, ஞாயிறு

கிச்சா இன்று காலை சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினான். புதுக் காரின் மேல் என் பவழமல்லி விழுந்து ஆரஞ்சுக் கறையாம். சீசன் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. நாலே நாலு பூ. "உன் குப்பையை உன் பக்கம் வெச்சுக்கோ அக்கா. இல்லேன்னா கிளையை வெட்டு."

குப்பை! தரையில் விழுந்ததை எடுத்து சாமிக்குப் போடலாம் என்று இருப்பது இந்தப் பூ ஒன்றுதான். அதைக் குப்பைங்கறான். வேற யாராவது சொல்லியிருந்தால் பரவாயில்லை. எனக்கு இருக்கிறது ஒரே தம்பி. அவன் கல்யாணமே பண்ணிக்கலை. நான் பண்ணிண்டு, அவர் போய் ஆறு வருஷம். அப்பா கட்டின வீட்டை நடுவில் சுவர் வைத்து ஆளுக்குப் பாதியாக இருக்கிறோம்.

இனி அவனோடு பேசுவதில்லை.

ஜூலை 28

தோட்டக்காரர் துரைராஜ் வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை என் தோட்டம், மதியம் கிச்சா தோட்டம். அந்தப் பக்கம் போகிற கிளையைத் தொடாதே, இந்தப் பக்கம் பூராவும் வெட்டு என்றேன்.

"இன்னாம்மா சொல்ற? அந்தாண்ட கிளைக்குத்தான சண்ட?"

"அதுக்குத்தான்."

"இந்தாண்ட மொட்ட அடிச்சா மரம் சாஞ்சிக்கும்."

"சாயட்டும். அவன் பக்கம்தானே சாயும்."

வெட்டிவிட்டார். பக்கவாட்டில் குடுமி வைத்த மாதிரி நிற்கிறது மரம். நன்றாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 18

மாடித்தோட்ட வாட்ஸப் குழுவில் யாரோ எழுதியிருக்கிறார்கள். பவழமல்லியைப் பூத்து முடிந்தபிறகு, தை மாசியில்தான் வெட்ட வேண்டுமாம். ஆடியில் வெட்டினால் அந்த வருஷம் பூவே வராதாம்.

கேள்வியை முழுசாகப் படிக்காமல் விடை எழுதாதே என்று கணக்கு வகுப்பில் கத்தியே தொண்டை போனவள் நான்.

செப்டம்பர் 7, பிள்ளையார் சதுர்த்தி

கிச்சா பக்கம் பூக் கொட்டுகிறது. என் பக்கம் இலை. மாடவீதியில் சாமந்தி வாங்கினேன். பிள்ளையார் ஒன்றும் சொல்லவில்லை.

கிச்சா காருக்கு உறை வாங்கியிருக்கிறான். நீலம். சகிக்கலை.

அக்டோபர் 15

பேய் மழை. ஊரே காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்துகிறது; கிச்சாவும் நிறுத்திவிட்டு நனைந்துகொண்டு நடந்து வந்தான். கார் இருந்த இடத்தில் கணுக்கால் தண்ணீர், அதன்மேல் பூவாக மிதக்கிறது. ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கிறவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

சுவர்மேல் எவர்சில்வர் தட்டு. தட்டு நிறைய பவழமல்லி, நடுவில் மொட்டுகள். பறித்திருக்கிறான்! துரைராஜிடம் திருப்பிக் கொடுத்து, "பறிச்ச பூ ஆகாது, தானா விழுந்ததுதான் வேணும்னு சொல்லு" என்றேன். போய்விட்டு வந்தார்.

"'அவளுக்குக் கொழுப்பு'ன்னு அய்யா சொல்லிச்சு. நான் சொல்லலம்மா. அய்யாதான்."

அக்டோபர் 21

மறுபடியும் தட்டு. மொட்டு இல்லை. ஆனால் விடிகாலையில் கிளையைப் பிடித்து உலுக்குகிற சத்தம் கேட்டது. உலுக்கி விழுந்தது விழுந்ததா, பறித்ததா? இதை யாரிடம் போய்க் கேட்பது?

சாமிக்குப் போட்டேன். போட்டுவிட்டு அழுதேன். எதுக்குன்னு தெரியலை.

தெரியும்.

நவம்பர் 4

தட்டு தினமும் வருகிறது. கார் இப்போது தெருவில் நிற்கிறது. கிளைக்கடியில் அப்பாவின் பழைய வேட்டியை விரித்து வைத்திருக்கிறான். வேட்டி பூராவும் ஆரஞ்சுப் புள்ளி. அதற்கு அவன் யாரிடமும் கத்தின மாதிரித் தெரியவில்லை.

வெறும் தட்டைத் திருப்பக் கூடாது என்று இரண்டு வடை வைத்தேன். பேச்சு இல்லை. அதில் மாற்றமில்லை.

டிசம்பர் 13, கார்த்திகை

வருஷா வருஷம் அவன் கையால் கொண்டுவந்து தருகிற பொரி உருண்டை, இந்தத் தடவை துரைராஜ் கையில் வந்தது. "ஒண்ணு நான் துண்ணுட்டேம்மா" என்றார். நல்ல மனுஷன். பொய் சொல்ல மாட்டார்.

உருண்டை கல்லு. எப்பவும் கல்லுதான். கிச்சாவுக்குப் பாகு பதம் வரவே வராது.

2025 ஜனவரி 12, ஞாயிறு

பூ ஓய்ந்துவிட்டது. கார் உள்ளே வந்துவிட்டது. கிளையை வெட்டச் சரியான காலம் இதுதான். "பொங்கல் லீவுல தானே வெட்டிக்கறேன்னு அய்யா ரம்பம் வாங்கிகீது" என்றார் துரைராஜ்.

வெட்டட்டும். கேட்டது அதைத்தானே. என் பக்கம் இப்போதே புதுக் கிளைகள் ஆள் உயரம். அடுத்த வருஷம் எனக்குப் பூ வரும்.

தட்டு வராது.

ஜனவரி 15, கணு

குளிக்கும் முன் மொட்டைமாடியில் மஞ்சள் இலை போட்டுக் காக்காய்க்குக் கணுப்பிடி வைத்தேன். மஞ்சள் சாதம், சிவப்புச் சாதம், தயிர் சாதம், சர்க்கரைப் பொங்கல். வைக்கலாமா என்று நேற்று பூராவும் யோசனை. சண்டைன்னா வைக்கக் கூடாதுன்னு எங்கேயாவது எழுதியிருக்கா என்ன? கூடப்பிறந்தவன் நன்னா இருக்கணும்னுதானே வைக்கறது.

எட்டிப் பார்த்தால் கீழே ஏணிமேல் கிச்சா, கையில் ரம்பம். நிமிர்ந்தான்.

"எங்க வெட்டணும்?"

ஆறு மாசத்தில் முதல் வார்த்தை.

"கணுவுக்கு மேல. அப்பதான் அங்கேர்ந்து துளிர்க்கும்."

"எந்தக் கணு? இங்கேயா?" சுவரோரமாக ரம்பத்தை வைத்தான்.

"அங்கே இல்லைடா! நுனியில. கடைசிக் கணு."

ஒரு முழம்கூட இல்லை, வெட்டினான். அவ்வளவுதானா என்று கேட்டான். அவ்வளவுதான் என்றேன். இறங்கிவிட்டான்.

அதற்குள் காக்காய்க் கூட்டம் வந்து, இருந்ததை எல்லாம் தின்றுவிட்டு, நேரே போய் அவன் கார்மேல் உட்கார்ந்தது. உட்கார்ந்தால் சும்மாவா இருக்கும்? வெள்ளைவெள்ளையாக, கண்ணாடி வரைக்கும்.

கிச்சா காரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். உன் குப்பை என்பான் என்று காத்திருந்தேன். உள்ளே போய்த் துணி கொண்டுவந்து துடைத்தான். துடைத்துக்கொண்டே கேட்டான்:

"மிச்சம் வெக்காம சாப்பிட்டுதா அக்கா?"

"ஒரு பருக்கை விடலை" என்றேன்.