கதவைப் பற்றிய வசனம்

மார்ச் 3

லிப்ட் இன்ஸ்பெக்டர் ஐயா அவர்களுக்கு,

அக்கா வீட்டில் நலம். இருவரும் வேதத்தில் ஒரே அதிகாரத்தைப் படித்துக் கடிதம் எழுதிக்கொண்டால் மனம் ஒன்றுபடும் என்று போதகர் சொன்னாலும் சொன்னார், எனக்குத் தலைவலிதான் மிச்சம். மன்னிப்பைப் பற்றிப் படித்துவிட்டு, "முதலில் தவறு யாருடையது என்று முடிவாகட்டும்" என்று எழுதுவீர்களா? அந்த அதிகாரத்தில் அழுதுகொண்டு நிற்கிறாளே ஒருத்தி, அவள் உங்கள் கண்ணில் படவே இல்லையா? வந்தவர் போனவர் முன்னால் நான் பேசும் ஒவ்வொரு வார்த்தையையும் திருத்தினீர்கள் என்றுதானே கிளம்பி வந்தேன்!

இங்குள்ள பள்ளியில் என்னை நிரந்தரமாக்குகிறார்களாம். இருபதாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். அடுத்த அதிகாரத்தில், போனவளுக்காகக் கதவைத் திறந்து வைக்கச் சொல்லும் வசனத்தை நன்றாகப் படியுங்கள்.

கோபம் தீராத,
டீச்சர்

மார்ச் 9

அன்புள்ள டீச்சருக்கு,

படித்தேன். அன்று முதல் வாசல் கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பூனை உன் நாற்காலியில் படுத்துக்கொள்கிறது. நேற்று உன் தையல் மெஷினை எவனோ தூக்கிப் போய்விட்டான். எத்தனை நாள் திறந்திருக்க வேண்டும், காவலுக்கு யார், ஒன்றும் வசனத்தில் இல்லை. உனக்குத் தெரிந்தால் எழுது.

நிரந்தரம் என்றால் நல்லதுதானே. பென்ஷன் உண்டா என்று கேள்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்

மார்ச் 13

மனுஷரே,

சிரிப்பதா, சுவரில் முட்டிக்கொள்வதா? அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. வேதத்தையும் லிப்டைப் போலத்தான் சோதிப்பீர்களா? என் மெஷினைப் பறிகொடுக்க வருகிறது, "வா" என்று ஒரு வார்த்தை எழுத வரவில்லை!

பென்ஷன் உண்டு. இருபதாம் தேதி கையெழுத்துப் போடப் போகிறேன். அப்புறம் உங்கள் பாடு.

டீச்சர்

மார்ச் 17

அன்புள்ள டீச்சருக்கு,

"வா" என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மறுபடி படித்துப் பார்த்தால், திறக்க வேண்டியவனுக்குத்தான் கட்டளை இருக்கிறது. அவள் வந்தே ஆக வேண்டும் என்று எங்கேயும் இல்லை. அதில் இல்லாததை நான் எப்படி உன் தலையில் கட்டுவது? கையெழுத்துப் போடு. உனக்குப் பிடித்த வேலை.

நீ இல்லாமல் எனக்கு முடியவில்லை. இதற்கு வசனம் கிடையாது, நானாகச் சொல்கிறேன்.

லிப்ட் உங்கள் ஊரிலும் ஓடுகிறது. மாற்றல் கேட்டால் கொடுப்பார்களாம். உன்னைக் கேட்காமல் எழுதிக் கொடுக்க மனமில்லை.

நான் அங்கே வரட்டுமா?