எனக்காகச் சொல்ல ஓர் ஆள்

கனசாவா, ஜப்பான்
3.6.2025

அன்புள்ள உங்களுக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே சண்டை வந்துவிடுகிறது. அதனால் கடிதம்.

பள்ளி விடுமுறைக்கு ரதி டீச்சரோடு வந்திருக்கும் இந்த ஊரில், கெய்ஷாக்களின் பழைய தேநீர் விடுதித் தெரு ஒன்று இருக்கிறது. விருந்தினர் முன் ஆடியும் வாத்தியம் வாசித்தும் வாழ்கிற பெண்கள் அவர்கள். நேற்று மழைத் தூறலில் போனோம். இரு பக்கமும் இருண்ட மரத்தாலான மாடி வீடுகள். முகப்பெல்லாம் நெருக்கமான மரச்சட்டங்கள். உள்ளே இருப்பவர்களுக்குத் தெரு தெரியும். தெருவில் போகிறவர்களுக்கு உள்ளே இருப்பவர் தெரியமாட்டார். ஏதோ ஒரு மாடியில் யாரோ தந்தி வாத்தியத்தில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பழகிக்கொண்டிருந்தார்கள். அந்த வரி முடியட்டும் என்று நான் மெதுவாக நடந்தேன். முடியவே இல்லை. தரைக்கற்கள் ஈரத்தில் பளபளத்து, தண்ணீர்மேல் நடப்பதுபோல இருந்தது.

"என்னா டீச்சர், தூக்கத்துல நடக்கிறீங்களா? மழைல நனையிறீங்க லா!" என்று ரதி குடைக்குள் இழுத்தாள்.

பார்வையாளருக்குத் திறந்துவிட்டிருக்கும் ஒரு வீட்டில் மாடி ஏறினோம். செங்காவி நிறச் சுவர்கள். கிமோனோ அணிந்த பெண் பச்சைத் தேநீரை வைத்துவிட்டு, ஜன்னலைக் காட்டி, திறக்கட்டுமா, மூடட்டுமா என்று சைகையில் என் இஷ்டத்தைக் கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாலையில், இன்றும் விருந்து நடக்கிற ஒரு வீட்டு வாசலில் நின்றேன். புதியவர் எவ்வளவு பெரிய ஆளானாலும் தானாக உள்ளே போக முடியாதாம். அங்கே வழக்கமாக வருகிற ஒருவர், 'இவரை எனக்குத் தெரியும், நான் பொறுப்பு' என்று சொல்ல வேண்டுமாம்.

எனக்காக யார் சொல்வார் என்று யோசித்தேன். உங்கள் முகம்தான் வந்தது. பின்னாலேயே உங்கள் குரலும். ஆறு வருஷத்துக்கு முன், கோலா பிலா பள்ளிக்குத் தலைமையாசிரியையாகப் போக விருப்பமா என்று கல்வி அதிகாரி கணேசமூர்த்தி சார் கேட்டபோது, நான் குளித்துக்கொண்டிருந்தேன். போனை எடுத்த நீங்கள், "அவளுக்கு இஷ்டமில்லிங்க சார்" என்றீர்கள். என்னிடம் சொல்லவும் இல்லை. நாலு வருஷம் கழித்து அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அந்த வாரமே எஸ்டேட் வீட்டை விட்டு, மம்பாவில் அறை பார்த்துக்கொண்டு வந்தேன்.

நான் அங்கேயே தங்கிவிட்டால் என்னைப் பிரிய வேண்டிவருமே என்றுதான் அப்படிச் செய்தீர்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் இவ்வளவு வலி.

ஜப்பானிலிருந்து திரும்பியதும் எஸ்டேட் வீட்டுக்கு வருகிறாயா இல்லையா, ஒரே முடிவாகச் சொல் என்றீர்கள். அந்த வாசலில் எனக்கு உள்ளே போகவும் ஆசையாக இருந்தது, தெருவிலேயே நின்றுவிடவும் ஆசையாக இருந்தது.

அன்புடன்,
லோகேஸ்வரி


புக்கிட் பெலண்டோக்
20.6.2025

அன்புள்ள லோகா,

எஸ்டேட் ஆபீசில், கணக்கு எழுதும் மேஜையில் உன் கடிதத்தைப் பிரித்தேன். வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் எட்டிப் பார்த்தான். செம்பனைக் காட்டுக்குள் மோட்டார் சைக்கிளை நிறுத்திப் படித்தேன்.

யாரோ ஒரு ஜப்பான்காரி ஜன்னலைப் பற்றிக் கேட்டதற்கு அழுதாயாம். பத்தொன்பது வருஷத்தில் உனக்கு என்ன குறை வைத்தேன் என்று முதலில் கோபம்தான் வந்தது. இரண்டாம் முறை படித்தபோது அந்தக் கோபம் தங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கணேசமூர்த்தி சார் வீட்டுக்குப் போய், அன்றைக்கு நான் சொன்னது பொய் என்று சொல்லிவிட்டேன். "என்ன மனுசன்யா நீ? கிராணி வேலைல கணக்கத் திருத்தற மாதிரி பொண்டாட்டி வாழ்க்கையத் திருத்திட்டியே" என்று காய்ச்சினார். கொடுத்த காப்பியைப் பிடுங்கவில்லை, அவ்வளவுதான். பிறகு, "நீ இங்க வந்தது அவங்களுக்குத் தெரியுமா?" என்றார். அப்போதுதான் உறைத்தது. மறுபடியும் உன்னைக் கேட்காமல்தான் போயிருக்கிறேன்.

அந்த இடம் இப்போது மறுபடி காலியாம். "போவாங்களா?" என்றார். 'கட்டாயம் போவா சார்' என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது, லோகா. விழுங்கிக்கொண்டேன். "அத அவகிட்டதான் கேக்கணும் சார்" என்றேன். கேட்பார்.

நீ அங்கே போனால் இந்த வீட்டுக்கு வரமாட்டாய். அது எனக்குத் தெரியாமல் இல்லை.

சுகுமாறன்


மம்பாவ்
9.7.2025

அன்புள்ள உங்களுக்கு,

கணேசமூர்த்தி சார் பேசினார். போகிறேன் என்றேன். வைத்த பிறகும் வெகுநேரம் போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் கோலா பிலாவில் சேர்கிறேன். பள்ளிக்குப் பக்கத்திலேயே சிறிய வாடகை வீடு கிடைத்திருக்கிறது. எஸ்டேட் வீட்டுக்கு நான் வரவில்லை. இதை நீங்கள் என்னிடமிருந்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

என்னைக் கேட்காமல் நீங்கள் அவரிடம் போனதற்குக் கோபம் வந்தது. வாய்வரை வந்ததை விழுங்கியதாக எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தை மட்டும் மூன்று நான்கு தடவை படித்தேன்.

புது வீட்டுச் சாவியை உங்களுக்குத் தரப்போவதில்லை. ஏதாவது ஒரு சனிக்கிழமை என்னைப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால், வரலாமா என்று எழுதிக் கேளுங்கள். யோசித்துப் பதில் எழுதுகிறேன்.

லோகேஸ்வரி