எதிர்க்கடைக்குப் போன பாம்பு

பிப்ரவரி 6
பிஷப் படகிலிருந்து இறங்கும்போது சேற்றில் விழுந்த வருடம் இது. ஆற்று வெள்ளம் சந்தைக்குள் ஏறியதும் இந்த வருடம்தான். கூடவே எலிகளும் ஏறிவிட்டன. என் மரவள்ளிமாவு மூட்டையெல்லாம் ஓட்டை. எனக்கு எழுத்து தெரியாது; நான் சொல்ல, மாடியில் குடியிருக்கும் டீச்சர் ஜுசாரா எழுதுகிறாள்.

"பூனை வாங்குங்க தாத்தா" என்கிறாள். பூனை மாவில் ஒன்றுக்குப் போகும். இந்த ஊரில், எலி பிடிக்க உத்தரத்தில் விஷமில்லாத போவா பாம்பு கிடந்தால்தான் அது மாவுக்கடை.

பிப்ரவரி 9
முன்பெல்லாம் காட்டில் பிடித்து வருவோம். இப்போது அதற்கு ஜெயிலாம். அனுமதி வாங்கிப் பாம்பு வளர்த்து விற்கும் ஐவோனெட்டியிடம் போனேன். டப்பா டப்பாவாகக் குட்டிகள். சாதுவான ஒன்றை என் கையில் சுற்றிவிட்டாள், தூங்கியது. இன்னொரு டப்பாவில் விரலை நீட்டினேன். பிடுங்கிவிட்டது.

"அது கடிக்கும் பெரியவரே, வேணாம்."

"கடிக்காத பாம்ப வச்சு நான் என்னம்மா பண்றது? தாலாட்டுப் பாடவா?"

பெரிய எலி பிடிக்க அதற்கு மூன்று வருடம் ஆகுமாம். முப்பது வருடம் வாழுமாம். எனக்கு எண்பத்து மூன்று.

"உங்களுக்கு அப்புறம் யாரு பாத்துப்பா? பாம்போட பழகின ஆள் பேரு சொல்லுங்க, தர்றேன்."

வெறுங்கையோடு வந்தேன்.

பிப்ரவரி 10
டீச்சரைக் கேட்டேன். "பாம்புன்னு எழுதுறதே கண்ண மூடிக்கிட்டுதான் தாத்தா."

பிப்ரவரி 11
யார் இருக்கிறார்கள்? பாம்புக்குச் செல்லப்பேர் வைத்த என் மனைவி டொமிங்காஸ் போய்விட்டாள். பிடித்துத் தரும் படகுக்காரன் அர்லிண்டோவும் போய்விட்டான். மிச்சம் எதிர்க்கடைக்காரன் — அந்தத் திருடன் பேர் இந்த நோட்டில் வரக்கூடாதென்று டீச்சரிடம் சொல்லியிருக்கிறேன். சர்க்கஸ் கூடாரத்தை ஆறு அடித்துச் சென்ற வருடம், என் பாம்பு அவன் உத்தரத்தில் போய்ப் படுத்தது. திருப்பித் தரவில்லை. அன்றைக்கு விட்ட பேச்சு.

பிப்ரவரி 15
எலி என் செருப்பைத் தின்றுவிட்டது. தெருவைக் கடந்தேன்.

"நாப்பது வருஷம் கழிச்சு இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்றான்.

"என் பாம்ப வச்சுக்கிட்டவன்தானே நீ."

"நான் எங்கய்யா வச்சுக்கிட்டேன்? அதுவா வந்துச்சு. உன் கடை எலியில சதை கிடையாது."

வந்த விஷயத்தைச் சொன்னேன். இருக்கிற இரண்டு பல்லும் தெரியச் சிரித்தான்.

"பாத்துக்கறேன். ஆனா சீக்கிரம் செத்துரு. எனக்கும் வயசாகுது."

பிப்ரவரி 17
கடித்ததையே வாங்கினேன். டப்பாவுக்குள் எதிர்க்கடைப் பக்கமாகத் தலையை வைத்துப் படுத்திருக்கிறது, சனியன்.

ஐவோனெட்டி, "பாத்துக்கப் போறவருக்கு வயசு என்ன?" என்றாள். என்னைவிட இளையவன் என்றேன். எவ்வளவு இளையவன் என்று அவள் கேட்கவில்லை. பேர் கேட்டாள். சொன்னேன்.

டீச்சர், இங்கேயும் எழுதிவிடு. இந்தத் தெருவில் பாம்போடு மாவு விற்றவர்களில், என்னைத் தவிர உயிரோடு இருப்பவன் ஒஸ்மரீனோ.